கண்ணாடி விரியன் விஷத்திலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்துப் படிப்பது எப்படி: டெல்டா மாணவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் ஊரில் இருட்டிய பிறகு பாம்பு என்று யாரும் வாய் திறந்து சொல்லமாட்டார்கள், பூச்சி என்பார்கள். சம்பா கதிர் பால் பிடிக்கிற சமயத்தில், ராத்திரி மடை திருப்பப் போன என் பெரியப்பாவை வரப்பில் ஒரு பூச்சி தொட்டுவிட்டது. மிளகாயைக் கடிக்கச் சொல்லி உறைக்கிறதா என்று கேட்டதில் கொஞ்ச நேரம் போனது, அப்புறம்தான் வண்டி பிடித்தோம். ஆஸ்பத்திரியில் டாக்டர் கொஞ்சம் ரத்தம் எடுத்து ஒரு கண்ணாடிக் குழாயில் விட்டு, அதை ஸ்டாண்டில் நிறுத்திவைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். 20 நிமிடம் கழித்துக் குழாயைச் சாய்த்தபோது ரத்தம் தண்ணீர் மாதிரி ஓடியது. "கண்ணாடி விரியன்" என்று சொல்லிவிட்டு மருந்தை ஏற்ற ஆரம்பித்தார். பெரியப்பா பிழைத்துக்கொண்டார். ஆனால் ஒரு துளி விஷம் ஒரு ஆளின் மொத்த ரத்தத்தையும் எப்படி உறையவிடாமல் செய்கிறது என்ற கேள்வி என்னை விடவில்லை. அதுதான் என்னை உயிர்வேதியியல் படிக்க வைத்தது.

இதை யாருக்காக எழுதுகிறேன் என்றால், தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் பக்கத்துக் கல்லூரிகளில் எம்.எஸ்சி. ப்ராஜெக்ட்டுக்கோ பிஎச்.டி.க்கோ விஷப் புரதங்களை எடுத்துக்கொள்ள நினைக்கிறவர்களுக்கு. பெரிய கருவி எல்லாம் இருக்கிற ஆய்வகத்தில்தான் இதைச் செய்ய முடியும் என்று ஒரு எண்ணம் இருக்கிறது. அது முழுக்க உண்மையில்லை. பாதி வேலைக்கு ஒரு கண்ணாடிக் காலம் (column, புரதங்களைப் பிரிக்கும் மணிகளை நிரப்பும் நீளக் குழாய்), கரைசல் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று அளக்க ஒரு ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர், புரதங்களை எடைவாரியாகப் பட்டை பட்டையாகப் பிரித்துப் பார்க்க ஒரு ஜெல் செட், நிறையப் பொறுமை போதும். மீதிப் பாதிக்குப் பக்கத்துப் பல்கலைக்கழகத்தின் கருவி மையத்துக்கு மாதிரியை அனுப்பிக்கொள்ளலாம்.

முதலில் கேள்வியை முடிவு செய்யுங்கள்

விஷம் என்பது ஒரே பொருள் இல்லை. உலர்ந்த விஷத்தின் எடையில் 90 சதவீதத்துக்கு மேல் புரதமும் பெப்டைடும்தான், அதிலேயே பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் இருக்கின்றன. நல்ல பாம்பிலும் கட்டு விரியனிலும் நரம்பைத் தாக்கும் சின்னப் புரதங்கள் நிறைய. கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் போன்ற விரியன்களில் (கட்டு விரியன் பெயரில் மட்டும்தான் விரியன்) ரத்தத்தையும் திசுவையும் தாக்கும் நொதிகள் நிறைய. கண்ணாடி விரியனை எடுத்துக்கொண்டால், 13 முதல் 14 கிலோடால்டன் (மூலக்கூறின் எடையைச் சொல்லும் அலகு) எடையுள்ள, செல் சவ்வின் கொழுப்பை வெட்டும் ஃபாஸ்ஃபோலிப்பேஸ் ஏ2 என்ற நொதி ஏராளமாக இருக்கும். அதோடு புரதத்தை வெட்டும் புரோட்டியேஸ் நொதிகளில் உலோகம் சார்ந்தவை, செரீன் வகை இரண்டும், 7 கிலோடால்டன் அளவில் புரோட்டியேஸ்களைத் தடுக்கும் குனிட்ஸ் வகைத் தடுப்பான்கள், அப்புறம் எல்-அமினோ அமில ஆக்சிடேஸ். விஷத்தின் மஞ்சள் நிறத்துக்கு அந்தக் கடைசி நொதிதான் காரணம், அது சுமந்துகொண்டிருக்கும் எஃப்.ஏ.டி. என்ற துணைக்காரணியின் நிறம் அது.

இவற்றில் எதைத் தேடுகிறீர்கள் என்று தெரியாமல் காலத்தில் விஷத்தை ஏற்றாதீர்கள். "விஷத்திலிருந்து ஏதாவது நல்ல புரதம் கிடைக்குமா பார்க்கலாம்" என்று ஆரம்பித்த ப்ராஜெக்ட் எதுவும் உருப்படியாக முடிந்து நான் பார்த்ததில்லை. ஒரு செயல்பாட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள்: ரத்த உறைதலைத் தாமதப்படுத்துவது, தட்டணுக்கள் ஒட்டுவதைத் தடுப்பது, பாக்டீரியாவைக் கொல்வது, இப்படி ஒன்று. அந்தச் செயல்பாடுதான் கடைசிவரை உங்களுக்கு வழிகாட்டும். பீக் (காலத்திலிருந்து புரதம் வெளியே வரும்போது வரைபடத்தில் எழும் மேடு) அழகாக இருக்கிறது என்று அதன் பின்னால் போனால் வழி தவறிவிடும்.

இதில் மருந்துக்கும் வழி இருக்கிறது. பிரேசிலின் ஜரராக்கா விரியன் விஷத்தில் இருந்த பெப்டைடுகளைப் பார்த்துத்தான் ரத்த அழுத்தத்துக்கான கேப்டோப்ரில் உருவானது. 1981-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நம்மூர் வறண்ட காடுகளில் இருக்கும் சுருட்டை விரியனின் எக்கிஸ்டாட்டின் என்ற சின்னப் புரதம்தான் டைரோஃபிபான் என்ற இதய மருந்தின் அமைப்புக்கு முன்மாதிரி, அது 1998-ல் வந்தது. கண்ணாடி விரியனின் விஷமே நீர்த்த அளவில் ஒரு ரத்தப் பரிசோதனையில் பயன்படுகிறது, லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் என்ற, உறைதல் சோதனையைக் குழப்பும் ஆன்டிபாடி இருக்கிறதா என்று கண்டுபிடிக்க. முதல் இரண்டிலும் யாரோ ஒருவர் ஒரு புரதத்தையோ பெப்டைடையோ தனியாகப் பிரித்து, அது எதைத் தொடுகிறது என்று பொறுமையாகப் பார்த்திருக்கிறார்.

விஷம் எங்கிருந்து வர வேண்டும்

தயவுசெய்து வயலில் இருக்கும் பாம்பைப் பிடித்து விஷம் எடுக்கும் எண்ணமே வேண்டாம். பாம்பு பிடிக்கிற அண்ணன் ஒருவர் தெரிந்தவராக இருக்கலாம், ஒரு சொட்டு தருகிறேன் என்று சொல்லலாம். வாங்காதீர்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். அதோடு எந்தப் பாம்பு, எந்த வயது, எப்படி உலர்த்தியது என்று தெரியாத விஷத்தில் செய்த ஆராய்ச்சியை எந்த இதழும் ஏற்காது.

சரியான வழி, உரிமம் பெற்ற இடத்தில் விலைக்கு வாங்குவது. நமக்கு அருகில் இருப்பது மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலியில் உள்ள இருளர் பாம்பு பிடிப்போர் தொழில் கூட்டுறவுச் சங்கம். 1978-ல் ரோமுலஸ் விட்டேக்கர் முன்னின்று தொடங்க உதவியது. மண்பானைகளில் பாம்புகளை வைத்து, சில வாரங்களுக்குள் சில முறை விஷம் எடுத்துவிட்டு, வயிற்றுச் செதிலில் ஒரு அடையாளம் வெட்டி, திரும்பக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். நாட்டில் தயாராகும் பாம்புக்கடி மருந்துக்கான விஷத்தின் பெரும்பகுதி இவர்கள் கையிலிருந்து போகிறது. 2023-ல் இருளர் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் பத்மஸ்ரீ கிடைத்தபோது, அந்தச் செய்தியை வெட்டி எடுத்து ஆய்வக நோட்டில் ஒட்டிவைத்தேன். எங்கள் வேலையின் முதல் படியை அவர்கள்தான் செய்கிறார்கள்.

வாங்குவதற்கு உங்கள் துறைத்தலைவர் வழியாகக் கடிதம், நிறுவனத்தின் உயிரியல் பாதுகாப்புக் குழுவின் ஒப்புதல், வனத்துறை கேட்கும் ஆவணங்கள் வேண்டும். மனித ரத்தம் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் தனியாக வேண்டும். வெளிநாட்டு ஆய்வகத்தோடு சேர்ந்து செய்கிறீர்கள், அல்லது காப்புரிமைக்குப் போகிறீர்கள் என்றால் 2002-ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டம் குறுக்கே வரும், சென்னையில் இருக்கும் தேசியப் பல்லுயிர் ஆணையத்திடம் முன்னாலேயே கேட்டுவிடுங்கள். இந்தக் காகித வேலைக்கு மாதக்கணக்கில் ஆகும். ப்ராஜெக்ட் தொடங்கும் அன்றைக்கே இதைத் தொடங்கிவிட்டு, காத்திருக்கும் நாட்களில் முட்டை வெள்ளைக்கருவிலிருந்து லைசோசைம் என்ற நொதியைப் பிரித்துப் பழகுங்கள். காலம் நிரப்புவதில் கை பழகிவிடும், அதில் வீணானாலும் ஒரு முட்டைதான் போகும்.

இன்னொன்று. அந்தச் சங்கத்துப் பாம்புகள் சென்னையைச் சுற்றியுள்ள மாவட்டங்களில் பிடித்தவை. ஒரே இனப் பாம்பின் விஷம் ஊருக்கு ஊர் மாறும் என்பது இந்தியாவிலேயே பலமுறை காட்டப்பட்ட உண்மை. ஆகவே நீங்கள் கண்டுபிடித்ததை "கண்ணாடி விரியன் விஷத்தில் இது இருக்கிறது" என்று எழுதாமல், எந்தப் பகுதிப் பாம்பு, எந்தத் தொகுதி எண், என்று வாங்கியது என்று சேர்த்து எழுதுங்கள். நம் வரப்பில் இருப்பதும் அந்தக் குப்பியில் இருப்பதும் ஒன்றுதான் என்று நாமாக முடிவு செய்துவிடக் கூடாது.

குப்பியைத் திறக்கும் முன்

உறைநிலையில் உலர்த்திய விஷம் லேசான பொடி. மூடியைத் திறந்தாலே பறக்கும். அது கண்ணில் பட்டால் ஆபத்து, மூச்சில் போய்க்கொண்டே இருந்தால் நாளடைவில் ஒவ்வாமை வந்துவிடும். விஷ ஆய்வகங்களில் வருடக்கணக்கில் இருந்தவர்களுக்கு இது தெரிந்த விஷயம். இரண்டு அடுக்குக் கையுறை, கண்ணாடி, முகக்கவசம், பாதுகாப்புக் கேபினட். ஊசியும் உடைந்த கண்ணாடியும் அந்த மேசையில் இருக்கவே கூடாது. கையில் வெட்டுக்காயம் இருக்கும் நாளில் வேலையை அடுத்தவரிடம் கொடுத்துவிடுங்கள். தனியாக ராத்திரியில் வேலை செய்யாதீர்கள். பாம்புக்கடி மருந்து எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறது, வண்டிக்கு யாரைக் கூப்பிடுவது என்று சுவரில் எழுதி ஒட்டிவையுங்கள்.

பொடியை எடைபோட்டு எடுக்காமல், குப்பிக்குள்ளேயே பஃபரை (பி.எச். மாறாமல் பிடித்துவைக்கும் கரைசலை) மெதுவாக விட்டுக் கரைப்பது நல்லது. கரைந்த பிறகு 4 டிகிரியில் 10,000 ஜி விசையில் 10 நிமிடம் சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, அடியில் தங்கும் செல் துணுக்குகளை விட்டுவிட்டு மேலே இருப்பதை மட்டும் எடுங்கள். குலுக்காதீர்கள், நுரை வந்தால் புரதம் கெடும்.

சேமிப்பில் ஒரு பாடம். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது, நான் வேலை செய்த ஆய்வகத்தில் பல நாள் மின்சாரம் இல்லை. ஜெனரேட்டர் டீசல் இரண்டாம் நாளே தீர்ந்தது. கரைத்துச் சின்னச் சின்னக் குழாய்களில் உறையவைத்திருந்த விஷம் எல்லாம் உருகி வீணாகிவிட்டது, ஐந்து மாத வேலை போனது. ஆனால் உலர்ந்த பொடியாகவே, சிலிக்கா ஜெல்லோடு, ஒளி படாத டெசிக்கேட்டரில் (ஈரம் புகாத மூடிய பாத்திரத்தில்) வைத்திருந்தவை தப்பித்தன. அதனால் சொல்கிறேன், ஐப்பசி கார்த்திகையில் மழையும் காற்றும் நிச்சயம் என்று தெரிந்த ஊரில் இருக்கிறோம், அன்றைக்கு வேண்டியதை மட்டும் அன்றைக்குக் கரையுங்கள். எல்-அமினோ அமில ஆக்சிடேஸ் உங்கள் இலக்கு என்றால் இன்னும் கவனம், கரைசலில் இருக்கும்போது அதை உறையவைப்பதே அதன் செயல்பாட்டைக் குறைத்துவிடும்.

விஷத்தின் ஜாதகம்

எதையும் பிரிக்கும் முன், முழு விஷத்தின் அளவையும் முகத்தையும் பதிவு செய்துகொள்ளுங்கள். புரத அளவுக்கு பிராட்ஃபோர்டு என்ற சாய முறையை விட லௌரி அல்லது பி.சி.ஏ. முறை நல்லது, ஏனென்றால் சின்னப் புரதங்களைப் பிராட்ஃபோர்டு குறைத்துக் காட்டும். எந்த முறையோ, கடைசிவரை அதே முறை. நடுவில் மாற்றினால் பின்னால் போடும் கணக்கு முழுக்கத் தப்பாகிவிடும்.

பிறகு புரதங்களை எடைவாரியாகப் பிரிக்கும் 15 சதவீத எஸ்.டி.எஸ். ஜெல், ஒரே மாதிரியை மெர்காப்டோஎத்தனாலோடு (சங்கிலிகளைக் கோக்கும் கட்டுகளை அவிழ்க்கும் பொருள்) ஒரு லேனில், அது இல்லாமல் ஒரு லேனில். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தால் எந்தப் புரதம் பல சங்கிலிகள் கோத்தது, எது ஒற்றைச் சங்கிலி என்று அப்போதே ஓரளவு தெரிந்துவிடும். அதே நாளில் நீங்கள் தேர்ந்தெடுத்த செயல்பாட்டை முழு விஷத்தில் அளந்து, ஒரு மில்லிகிராமுக்கு எத்தனை யூனிட் என்று குறித்துவையுங்கள். இந்த ஒரு எண் இல்லாமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது.

பிரிக்கும் வேலை

உதாரணத்துக்கு ஃபாஸ்ஃபோலிப்பேஸ் ஏ2-வை எடுத்துக்கொள்கிறேன், அளவில் நிறைய இருக்கிறது, முதல்முறை செய்கிறவருக்கு ஏற்றது. செயல்பாட்டை அளப்பதும் சுலபம்: முட்டை மஞ்சள் கருவை உப்புக் கரைசலில் கலக்கி, கொஞ்சம் கால்சியம் சேர்த்து, அதில் மாதிரியை விட்டால் கலங்கல் தெளிய ஆரம்பிக்கும். 740 நானோமீட்டரில் அந்தத் தெளிவு எவ்வளவு வேகமாக நடக்கிறது என்று பார்ப்பதுதான் அளவு. கடையில் வாங்கின முட்டைதான், ஆனால் ஒரே நாளில் கலக்கிய ஒரே கரைசலில் எல்லா ஃப்ராக்ஷன்களையும் (காலத்திலிருந்து வடிவதைத் தனித்தனிக் குழாய்களில் பிடித்த பங்குகளை) பாருங்கள்.

முதல் காலம், அளவைப் பொறுத்துப் பிரிப்பது. செஃபாடெக்ஸ் ஜி-75 என்ற நுண்துளை மணிகளின் பொடியைப் பஃபரில் ஒரு நாள் முழுக்க ஊறவையுங்கள், அவசரம் என்றால் கொதிநீர்த் தொட்டியில் 3 மணி நேரம். காந்தக் கலக்கி போடாதீர்கள், மணிகள் உடைந்து காலம் அடைத்துக்கொள்ளும். 1.5 சென்டிமீட்டர் விட்டம், 100 சென்டிமீட்டர் உயரம் உள்ள கண்ணாடிக் காலத்தில் ஒரே மூச்சில் ஊற்றி நிரப்புங்கள், வயலுக்குத் தண்ணீர் விடுவது மாதிரிதான், நடுவில் விட்டு விட்டு ஊற்றினால் அடுக்கு விழும், ஒரு பக்கம் வேகமாகவும் ஒரு பக்கம் மெதுவாகவும் ஓடும். பஃபர் 50 மில்லிமோலார் டிரிஸ், பி.எச். 7.4, அதில் 100 மில்லிமோலார் உப்பு. அந்த உப்பு முக்கியம், கார வகைப் புரதங்கள் மணிகளில் ஒட்டிக்கொண்டு தாமதமாக வருவதை அது தடுக்கும். நீல டெக்ஸ்ட்ரானை (நீலச் சாயம் ஏற்றிய பெரிய மூலக்கூறை) முதலில் ஓட்டிப் பாருங்கள். நீலப் பட்டை நேராக, கோணாமல் இறங்கினால் காலம் நன்றாக அமைந்திருக்கிறது. கோணினால் தயங்காமல் கொட்டிவிட்டு மறுபடி நிரப்புங்கள்.

இந்தக் காலத்தின் கொள்ளளவு ஏறக்குறைய 175 மில்லி. மாதிரி அதில் 1 முதல் 2 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், அதாவது 2 மில்லிக்கு மேல் வேண்டாம், அதில் 50 மில்லிகிராம் விஷம். குளிர் அறையில் மணிக்கு 10 முதல் 15 மில்லி வேகத்தில் விட்டு, 2 மில்லி ஃப்ராக்ஷன்களாகப் பிடித்து, 280 நானோமீட்டர் ஒளியை ஒவ்வொன்றும் எவ்வளவு உறிஞ்சுகிறது என்று வரைந்தால் வழக்கமாக மூன்று நான்கு மேடுகள் தெரியும். பெரிய புரதங்கள் முதலில், சின்னவை கடைசியில். 66 கிலோடால்டன் ஆல்புமின், 29 கிலோடால்டன் கார்பானிக் அன்ஹைட்ரேஸ், 12.4 கிலோடால்டன் சைட்டோகுரோம் சி, 6.5 கிலோடால்டன் அப்ரோட்டினின் ஆகியவற்றை வேறொரு நாளில் அதே காலத்தில் ஓட்டிவைத்திருந்தால் எந்த மேடு எந்த எடை என்று கணக்குப் பார்க்கலாம். எல்லா ஃப்ராக்ஷனிலும் முட்டைக்கரு சோதனையைச் செய்து, 280 கோட்டின் மேலேயே செயல்பாட்டுக் கோட்டையும் வரையுங்கள். பல நேரம் செயல்பாட்டின் உச்சி, புரத மேட்டின் உச்சியில் இருக்காது, ஓரமாகத் தள்ளி நிற்கும். அந்த ஓரத்தைத்தான் எடுக்க வேண்டும்.

அடுத்து உப்பை நீக்க வேண்டும். இங்கே நான் செய்த தவறை நீங்கள் செய்யாதீர்கள். ஆய்வகத்தில் பொதுவாகக் கிடக்கும், உப்பை வெளியே விட்டுப் புரதத்தை உள்ளே நிறுத்தும் டயாலிசிஸ் குழாயின் துளை அளவு 12 முதல் 14 கிலோடால்டன். நம் புரதமும் 13, 14 தான். ராத்திரி முழுக்க வைத்துவிட்டுக் காலையில் பார்த்தால் பைக்குள் பாதிகூட இல்லை, வெளியே கொட்டிய பஃபரோடு போய்விட்டது. 3.5 கிலோடால்டன் துளையுள்ள குழாயை வாங்கிவையுங்கள்.

இரண்டாவது காலம், மின்னூட்டத்தைப் பொறுத்து. எதிர்மின் மணிகளான சி.எம். செஃபரோஸ், 20 மில்லிமோலார் பாஸ்பேட், பி.எச். 7. கார வகை ஃபாஸ்ஃபோலிப்பேஸ் ஒட்டிக்கொள்ளும், அமில வகை ஒட்டாமல் ஓடிவிடும். ஓடிவிட்டதைக் கொட்டாதீர்கள், அதிலும் உங்கள் நொதியின் சகோதரன் இருக்கலாம். பூஜ்யத்திலிருந்து 0.5 மோலார் வரை உப்பை மெல்ல மெல்ல ஏற்றிக்கொண்டே போனால் ஒவ்வொன்றாகக் கழன்று வரும். ஒரே பாம்பில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த பல ஃபாஸ்ஃபோலிப்பேஸ்கள், கொஞ்சம் கொஞ்சம் வித்தியாசத்தோடு இருப்பதை இந்தக் காலம்தான் காட்டிக்கொடுக்கும்.

மூன்றாவது எச்.பி.எல்.சி. (உயர் அழுத்தத்தில் பிரிக்கும் கருவி), நீரை விலக்கும் சி18 காலம், 300 ஆங்ஸ்ட்ராம் துளை, 0.1 சதவீத டி.எஃப்.ஏ. என்ற அமிலம், அசிட்டோநைட்ரைல் என்ற கரைப்பானின் ஏற்றம், 215 நானோமீட்டரில் பார்ப்பது. இதை எல்லாப் புரதத்துக்கும் செய்யாதீர்கள். ஃபாஸ்ஃபோலிப்பேஸ் ஏ2-வில் 7 டைசல்ஃபைடு கட்டுகள் (இரண்டு கந்தக அணுக்களுக்கு இடையிலான பிணைப்புகள்) இறுக்கிப் பிடித்திருப்பதால் அமிலத்தையும் கரைப்பானையும் பெரும்பாலும் தாங்கும், உலர்த்திவிட்டுத் திரும்பக் கரைத்தால் வேலை செய்யும். பெரிய உலோகப் புரோட்டியேஸை இதில் ஏற்றினால் அழகான ஒற்றைப் பீக் கிடைக்கும், உயிர் மட்டும் இருக்காது. அது மாதிரிப் புரதத்துக்கு இரண்டாவதாக இன்னொரு அயனிக் காலமோ, அளவுக் காலமோ போதும், தூய்மை 95 சதவீதத்தில் நின்றாலும் பரவாயில்லை.

கணக்கு நோட்டு

ஒவ்வொரு படிக்குப் பிறகும் மொத்தப் புரதம், மொத்தச் செயல்பாடு, ஒரு மில்லிகிராமுக்கான செயல்பாடு, எத்தனை மடங்கு தூய்மை, எத்தனை சதவீதம் மிச்சம் என்று எழுதவேண்டும். புரிவதற்காக ஒரு கற்பனைக் கணக்கு: முழு விஷம் 50 மில்லிகிராம், 5,000 யூனிட், அதாவது மில்லிகிராமுக்கு 100. முதல் காலத்துக்குப் பிறகு 12 மில்லிகிராமில் 4,000 யூனிட் இருந்தால் மில்லிகிராமுக்கு 333, அதாவது 3.3 மடங்கு, மிச்சம் 80 சதவீதம். இரண்டாவதுக்குப் பிறகு 4 மில்லிகிராமில் 3,000 யூனிட், 7.5 மடங்கு, 60 சதவீதம். பாக்டீரியாவிலிருந்தோ ஈரலிலிருந்தோ நொதி பிரிப்பவர்கள் நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு என்று எழுதுவதைப் பார்த்து, நமக்கு ஏழெட்டு மடங்குதான் வந்திருக்கிறதே என்று வருந்த வேண்டாம். விஷத்தில் அந்த நொதி ஆரம்பத்திலேயே ஏராளமாக இருக்கிறது, அதனால் மடங்கு குறைவாகத்தான் வரும். மடங்கு அதிகமாக வந்தால்தான் கணக்கைத் திரும்பப் பார்க்க வேண்டும்.

அப்புறம், மொத்தச் செயல்பாடு ஒரு படிக்குப் பிறகு கூடினால் ஆச்சரியப்படாதீர்கள். விஷத்திலேயே தடுப்பான்கள் இருக்கும், அவை பிரிந்து போனதும் நொதி முழு வேகத்தில் ஓடும். எதிர்பாராமல் குறைந்தால், இரண்டு ஃப்ராக்ஷன்களைச் சேர்த்துப் பாருங்கள். தனித்தனியாக ஒன்றும் செய்யாத இரண்டு புரதங்கள் சேர்ந்தால் வேலை செய்வது விஷத்தில் சகஜம்.

இது யார்

ஜெல்லில் ஒற்றைப் பட்டை, எச்.பி.எல்.சி.யில் ஒற்றைப் பீக், இரண்டும் வந்தால்தான் தூய்மை என்று சொல்லலாம். வெள்ளிச் சாயம் போட்டும் ஒருமுறை பாருங்கள், நீலச் சாயம் மறைப்பதை அது காட்டும். மால்டி-டாஃப் என்ற நிறை அளக்கும் கருவியில் துல்லியமான எடை கிடைக்கும். பிறகு டைதயோத்ரைட்டால் (DTT) போட்டு டைசல்ஃபைடு கட்டுகளை அவிழ்த்து, அயோடோஅசிட்டமைடு போட்டு மறுபடி சேராமல் பூட்டி, டிரிப்சினால் வெட்டி, துண்டுகளை எல்.சி.-எம்.எஸ்.எம்.எஸ்.ஸுக்கு (துண்டுகளைப் பிரித்து, எடையிலிருந்து அவற்றின் வரிசையைப் படிக்கும் கருவிக்கு) அனுப்புங்கள். டிரிப்சின் லைசினுக்கும் ஆர்ஜினினுக்கும் அடுத்து வெட்டும் என்பதால் துண்டுகளைத் தரவுத்தளத்தோடு பொருத்திப் பார்க்கலாம். நான்கு துண்டு பொருந்தியதும் "இது இன்ன புரதம்" என்று எழுதிவிடுகிறார்கள், அது போதாது. விஷக் குடும்பங்களில் ஒரே மாதிரி வரிசை உள்ள சகோதரர்கள் நிறைய, எடையும் பொருந்தணும், முடிந்தால் முன்முனையின் வரிசையும் பொருந்தணும்.

அது என்ன செய்கிறது

இங்கேதான் பெரியப்பாவின் கண்ணாடிக் குழாய் திரும்ப வருகிறது. சிட்ரேட் போட்ட பிளாஸ்மாவை, 9 பங்கு ரத்தத்துக்கு 1 பங்கு 3.2 சதவீத சிட்ரேட் என்ற கணக்கில் எடுத்து, 37 டிகிரியில் உங்கள் புரதத்தோடு சில நிமிடம் வைத்துவிட்டு, 25 மில்லிமோலார் கால்சியம் குளோரைடு சேர்த்து, உறைய எத்தனை நொடி ஆகிறது என்று பாருங்கள். தூய ஃபாஸ்ஃபோலிப்பேஸ்களில் சில, இந்த நேரத்தைக் கூட்டும். முழு விஷத்தை மிகக் குறைந்த அளவில் சேர்த்துப் பார்த்தால் நேர்மாறாக, சில நொடிகளிலேயே பிளாஸ்மா கட்டியாகிவிடும். நான் முதல்முறை இதைப் பார்த்தபோது மாதிரி மாறிவிட்டது என்றே நினைத்தேன். பெரியப்பாவின் ரத்தம் உறையவே இல்லையே, இங்கே ஏன் உடனே உறைகிறது?

விடை இதுதான். ரத்தம் உறைவதற்கு ஒன்றையொன்று தூண்டும் புரதங்களைக் காரணிகள் என்பார்கள்; கண்ணாடி விரியன் விஷத்தில் பத்தாம் காரணியைத் தூண்டும் ஒரு உலோகப் புரோட்டியேஸும், ஐந்தாம் காரணியைத் தூண்டும் ஒரு செரீன் புரோட்டியேஸும் இருக்கின்றன. குழாயில் அவை உறைதலை முடுக்கிவிடுகின்றன. உடம்பிலும் அதையேதான் செய்கின்றன, ஆனால் அங்கே ரத்தம் ஓடிக்கொண்டே இருக்கிறது, நுண்ணிய உறைகட்டிகள் உண்டாகி உண்டாகிக் கரைகின்றன, உறைகட்டியாக மாறும் புரதமான ஃபைப்ரினோஜனும் மற்றக் காரணிகளும் செலவாகித் தீர்ந்துபோகின்றன. கடிபட்டவர் ஆஸ்பத்திரிக்கு வந்து குழாயில் ரத்தம் எடுக்கும்போது உறைவதற்கு அதில் மிச்சம் ஒன்றும் இல்லை. உறையவைக்கும் விஷம்தான் உறையாத ரத்தத்தைத் தருகிறது. உங்கள் புரதம் இந்தக் கதையில் எந்த இடத்தில் நிற்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் உண்மையான ஆராய்ச்சி. பி.டி., ஏ.பி.டி.டி. என்ற இரண்டு உறைதல் நேரச் சோதனைகளையும் தனித்தனியாகப் பார்த்தால் எந்தப் பாதையில் கை வைக்கிறது என்று தெரியும். ஒரு செயற்கைச் சப்ஸ்ட்ரேட்டை (நொதி வேலை செய்யும் பொருளை) போட்டு நேரடியாக ஒரு காரணியைத் தொடுகிறதா என்றும் பார்க்கலாம்.

குழாய் விஷயத்தில் ஒரு வார்த்தை: கண்ணாடிக் குழாய்தான், பிளாஸ்டிக் வேண்டாம். சோப்புத் தூளில் கழுவியதும் வேண்டாம், அதன் எச்சமே உறைதலைக் கெடுத்துவிடும். ஆஸ்பத்திரியின் 20 நிமிடச் சோதனைக்கும் இதே விதிதான்.

தடுப்பான்கள் நல்ல சாட்சிகள். உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் ஈ.டி.டி.ஏ. போட்டதும் வேலை நின்றால் உலோகமோ கால்சியமோ தேவைப்படுகிற நொதி. பி.எம்.எஸ்.எஃப். போட்டதும் நின்றால் செரீன் புரோட்டியேஸ். ஃபாஸ்ஃபோலிப்பேஸ் ஏ2 என்றால் பாரா-ப்ரோமோஃபினாசில் ப்ரோமைடு 48-ஆம் இடத்து ஹிஸ்டிடினைப் பூட்டிவிடும், நொதிச் செயல் போய்விடும். அப்போதும் உறைதலைத் தாமதப்படுத்துகிறதா என்று கட்டாயம் பாருங்கள். நொதியாக வேலை செய்யாமலேயே, வெறுமனே ஒரு காரணியைப் பிடித்துக்கொண்டு உறைதலைத் தடுக்கும் ஃபாஸ்ஃபோலிப்பேஸ்களும் உண்டு, அப்படி ஒன்று உங்கள் கையில் இருந்தால் அதுதான் மருந்து வழியில் மிகவும் மதிப்புள்ளது.

பாக்டீரியாவையோ புற்றுநோய்ச் செல்லையோ கொல்கிறது என்று காட்ட நினைப்பவர்களுக்கு: கூடவே சாதாரணச் செல்களிலும் சிவப்பணுக்களிலும் அதே அளவில் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே அளவில் கொல்கிற புரதம் மருந்தாகாது. எல்-அமினோ அமில ஆக்சிடேஸ் என்றால், பெராக்சைடை உடைக்கும் கேட்டலேஸ் என்ற நொதியைச் சேர்த்து ஒருமுறை செய்யுங்கள். அது உண்டாக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடுதான் பெரும்பாலும் கொல்கிறது, கேட்டலேஸ் போட்டதும் விளைவு மறைந்துவிடும்.

மருந்துக் குப்பியோடு ஒரு சோதனை

இதை யாரும் கட்டாயப்படுத்தமாட்டார்கள், ஆனால் டெல்டாவில் இருந்து செய்கிறவர்கள் செய்யணும் என்று நினைக்கிறேன். நம் ஆஸ்பத்திரிகளில் ஏற்றும் மருந்து நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தையும் குதிரைக்கு ஏற்றி எடுத்தது. ஒரு மில்லி மருந்து கண்ணாடி விரியன் விஷத்தில் 0.6 மில்லிகிராமை முறிக்க வேண்டும் என்பது அளவுகோல். நீங்கள் பிரித்த புரதத்தை இந்த மருந்தோடு 37 டிகிரியில் அரை மணி நேரம் வைத்துவிட்டு, அதே செயல்பாட்டுச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். மருந்தின் ஆன்டிபாடிகள் பெரிய புரதங்களை நன்றாகப் பிடிக்கும், சின்னப் புரதங்களைச் சரியாகப் பிடிக்காமல் விடுவது உண்டு, ஏனென்றால் குதிரையின் உடம்பு சின்னப் புரதத்துக்கு எதிராக ஆன்டிபாடி உண்டாக்குவது குறைவு. மருந்து எதை விட்டுவிடுகிறது என்று தெரிந்தால், ரத்தம் உறைய ஆரம்பித்த பிறகும் கடிபட்டவருக்கு வேறு எது தொல்லை தருகிறது என்று யோசிக்க ஒரு பிடி கிடைக்கும்.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் ஏறக்குறைய 12 லட்சம் பேர் இறந்திருக்கலாம் என்று 2020-ல் வந்த ஒரு ஆய்வு கணக்கிட்டது, வருடத்துக்குச் சராசரியாக 58,000. அவர்களில் பெரும்பாலோர் கிராமத்தில் இருந்தவர்கள். தமிழ்நாடு அரசு 2024-ல் பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக அறிவித்தது, அதன்படி ஆஸ்பத்திரிகள் ஒவ்வொரு கடியையும் பதிவு செய்ய வேண்டும். உங்கள் ஆய்வகத்துக்குப் பக்கத்து ஆஸ்பத்திரியில் எந்தப் பாம்பு, எந்த மாதம், எத்தனை குப்பி மருந்து என்ற பதிவு கிடைத்தால், எந்தப் புரதத்தைத் தேட வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல வழிகாட்டி இல்லை.

வேலை முடிந்த பிறகு, விஷம் பட்ட எல்லாவற்றையும், குழாய், கையுறை, மிச்சக் கரைசல், முதல் இரண்டு காலங்களிலிருந்து வடிந்தது உட்பட, சோடியம் ஹைப்போகுளோரைட்டில் அரை மணி நேரம் ஊறவையுங்கள். சூடுபடுத்தினால் போதும் என்று விடாதீர்கள், டைசல்ஃபைடு கட்டுள்ள சின்னப் புரதங்கள் கொதிப்பைத் தாங்கும். ஆனால் ஹைப்போகுளோரைட் போட்டதை அப்படியே ஆட்டோகிளேவில் வைக்கவும் கூடாது, குளோரின் வரும். நிறையத் தண்ணீரில் அலசிய பிறகுதான் ஆட்டோகிளேவ். மீதி இருக்கும் தூயபுரதத்தை உலர்த்தி, சின்னக் குப்பிகளில் பிரித்து, ஒவ்வொன்றிலும் பாம்பின் பெயர், பிடித்த மாவட்டம், தொகுதி எண், படி, தேதி, மில்லிகிராமுக்கான செயல்பாடு, உங்கள் பெயரின் முதலெழுத்து, இத்தனையும் பென்சிலால் எழுதி ஒட்டுங்கள். பேனா மை ஆல்கஹால் பட்டால் கரைந்துவிடும்.